மகள் பந்து வீசும்போது வேலியோரம் நின்று கத்தும் பெற்றோரை எப்படிக் கையாள்வது?

கேள்வி கேட்டவர்: மூன்றாம்வரிசை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. மூன்று ஆண்டுகளாகச் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, பந்தைக் கீழ்க்கையாக வீசும் ஆட்டம்) ஆடி வருகிறாள். இந்த சீசனில் 12 வயதுக்குட்பட்டோர் அணியின் முதல் பிட்சர், அதாவது முதன்மைப் பந்துவீச்சாளர், அவள்தான். ஆட்டம் பார்க்க வரும் பெற்றோர்களாகிய எங்களைப் பற்றித்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன். குறிப்பாக, என் கணவரைப் பற்றி.

அவரைக் குறை சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கையை முழு வட்டமாகச் சுழற்றி இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடும் அந்த விண்ட்மில் வீச்சு அவளுக்குக் கைவந்தது முழுக்க முழுக்க அவருடைய பொறுமையால்தான். வேலை விட்டு வந்த களைப்போடு, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, நாள் தவறாமல் அறுபது எழுபது பந்துகளைப் பிடிப்பார். தரையில் குத்தி எழும்பிய பந்து முழங்காலில் பட்டு வீங்கிய நாள்களில்கூட அவர் பாதியில் எழுந்து போனதில்லை. அவர் வில்லன் இல்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆட்ட நாளில் அதே மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார். ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்குமிடத்தில் தரையில் பதித்த தட்டு) பின்னாலுள்ள வலையை ஒட்டி நின்றுகொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் “மணிக்கட்டைச் சொடுக்கு”, “முன்காலை நீட்டி வை”, “தோளைத் திருப்பாதே” என்று குரல் கொடுக்கிறார். பந்து தவறினால் தலையில் கை வைத்துக்கொள்கிறார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு தந்தை, நடுவர் ‘பால்’ (பேட்டர் அடிக்க முயலாமல் விட்ட, சரியான எல்லைக்கு வெளியே போன பந்து) என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் சண்டைக்குப் போகிறார். நடுவராக நிற்பவளோ பதினாறு வயதுப் பெண்.

போன சனிக்கிழமை நான்காம் இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் (ஓடுபவர்கள் நிற்கும் தளங்கள்) எதிரணி ஆள், பேட்டருக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் அவுட்; இன்னொரு பால் என்றால் பேட்டருக்கு முதல் பேஸ், எதிரணிக்கு ஒரு ரன். என் மகள் கையைத் தூக்குவதற்கு முன் வலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கிருந்து ஒரே நேரத்தில் மூன்று குரல்கள் மூன்று விதமாகச் சொல்லின. பந்து பிளேட்டுக்கு ஓரடி முன்னால் தரையில் விழுந்தது. ஒரு ரன் போயிற்று. உடனே அவள் நடுவரிடம் நேரம் கேட்டுவிட்டு, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அந்தக் கயிறு அவிழவே இல்லை. நன்றாகக் கட்டியிருந்ததை அவளே அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தாள். தொப்பியின் விளிம்பு முகத்தை மறைத்திருந்தது. தன் கண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கயிறு என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது காரில் அவர் அந்த இன்னிங்ஸின் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்று, “அப்பா ஊரில் இல்லாத வாரத்தில் நான் பந்து வீசிக்கொள்கிறேனே” என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? மற்ற பெற்றோர்களை யார் கட்டுப்படுத்த வேண்டும்? இதே நிலைமையைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: டக்அவுட்

வணக்கம் சகோதரி. ஒன்பது ஆண்டுகளாகச் சிறுமியர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்கள் மகள் கட்டிய அந்த ஷூ கயிற்றைப் போல நானும் பல பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகள் கையுறையின் தோல்வாரை இழுத்துச் சரிசெய்வார்கள். சிலர் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டுவார்கள். பயிற்சியாளர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை. உங்கள் அணியின் பயிற்சியாளர் கவனித்தாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் குறிப்புகள் தவறானவை அல்ல என்றே நினைக்கிறேன். வாளிமேல் அத்தனை மாலைகள் உட்கார்ந்தவருக்கு அந்த வீச்சு அணு அணுவாகத் தெரிந்திருக்கும். கெடுப்பது அவர் அதைச் சொல்லும் நேரம். ஒரு திறனைப் புதிதாகக் கற்கும்போது கை எங்கே, கால் எங்கே என்று படிப்படியாக எண்ணுவது உதவும். அது கைவந்த பிறகு அதே எண்ணம் இடைஞ்சலாக மாறிவிடும். சியான் பைலாக் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-களின் தொடக்கத்தில் கோல்ஃப் ஆடுபவர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தம் கையசைவைக் கவனித்தபடி பந்தைத் தட்டச் சொன்னபோது அவர்களுடைய ஆட்டம் கெட்டது. புதியவர்களுக்கோ அப்படிக் கவனிப்பது நன்மையே செய்தது. ஆகவே மாலைப் பயிற்சியில் “மணிக்கட்டைச் சொடுக்கு” என்பது பாடம். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அதே சொல், தானாக ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தில் குச்சியைச் செருகுவதற்குச் சமம்.

பேட் பிடித்து நிற்கும் பிள்ளைக்கு இது இன்னும் மோசம். அந்த வயதுப் பிரிவில் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பிளேட்டுக்கு 40 அடி. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.6 நொடிதான் ஆகும். அதற்குள் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவுசெய்து, பேட்டைச் சுழற்றியாக வேண்டும். “முழங்கையைத் தூக்கு” என்ற சொல் காதில் ஏறி அர்த்தமாவதற்குள் பந்து கேட்சரின் கையுறைக்குள் இருக்கும்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணவரிடம் ஆட்ட நாளன்று பேசாதீர்கள். ஆட்டம் முடிந்த அன்றிரவும் வேண்டாம். வாரத்தின் நடுவில், அவர் வாளியை எடுத்து வைக்கும் வேளையில், அந்தக் கயிற்றைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். “நீங்கள் கத்துகிறீர்கள்” என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால், வலைக்குப் பின்னால் நின்றதால் தமக்குத் தெரியாமல் போன ஒன்றை அவரே பார்ப்பார்.

அடுத்தது, அவரை அந்த வலையிடமிருந்து நகர்த்துவது. எங்கள் அணியில் ஆட்ட நேரத்தில் பெற்றோர் யாரும் வலைக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம். பல லீகுகளில் இது விதியாகவே இருக்கிறது. கை சும்மா இருக்க முடியாதவர்களுக்கு ஒரு வேலையும் கொடுப்போம். ஸ்கோர் புத்தகம் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிக்க வேண்டியிருப்பதால் கண் ஆட்டத்தில் இருக்கும், வாய்க்கு வேலை இருக்காது. மகளின் பந்துகளை எண்ணிக் குறித்துக்கொண்டே போனால், மோசமாகத் தோன்றிய இன்னிங்ஸில்கூட அவள் எத்தனை நல்ல பந்து வீசியிருக்கிறாள் என்பது அவருக்கே தெரியவரும். என் அனுபவத்தில் பென்சில் பலரை அமைதிப்படுத்தியிருக்கிறது.

மற்ற பெற்றோரை நீங்கள் எதிர்கொள்ள வேண்டாம். அது பயிற்சியாளரும் லீக் பொறுப்பாளர்களும் செய்ய வேண்டிய வேலை. ஆட்டம் பற்றிய எந்தக் குறையையும் ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்தே பயிற்சியாளரிடம் பேசலாம் என்ற நடைமுறை பல அணிகளில் உண்டு. உங்கள் அணியில் இல்லையென்றால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு நாள் ஆறியபின் பாதிப் புகார்கள் வருவதே இல்லை.

பதில் 2: ஸ்ட்ரைக்மண்டலம்

நான் நடுவராக நிற்பவன்; பதினைந்து வயதில் தொடங்கினேன். ஆகவே உங்கள் கேள்வியில் வரும் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றியே எழுதுகிறேன்.

வேலிக்கு வெளியே இருந்து வரும் கூச்சலில் பெரும்பகுதி, விதி தெரியாமல் வருவது. பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதை அது பிளேட்டைக் கடக்கும் கணத்தில் பார்க்க வேண்டும். அக்குளுக்கும் முழங்காலின் மேல்விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியை அது தொட்டதா என்பதே கணக்கு. கேட்சர் எங்கே பிடித்தாள் என்பது கணக்கில் வராது. நன்றாகக் கீழிறங்கும் டிராப் பால், முழங்காலருகே பிளேட்டைக் கடந்துவிட்டு, கேட்சரின் கணுக்கால் உயரத்தில் போய்ச் சேரும். அது நியாயமான ஸ்ட்ரைக். முதல் பேஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பந்தின் உயரம் ஓரளவு தெரியலாம். அது பிளேட்டின்மேல் வந்ததா, விலகி வந்ததா என்பது அங்கிருந்து தெரியவே தெரியாது. ஆனாலும் உரக்கக் கத்துபவர் அவராகத்தான் இருப்பார்.

இன்னொன்று, “கையில் பட்டது, பேஸ் கொடு” என்ற கூச்சல். பேட்டைச் சுழற்றும்போது பந்து கையில் பட்டால் அது ஸ்ட்ரைக்; பேஸ் கிடையாது. சுழற்றாமல் நின்று, விலக முயன்றும் பட்டால்தான் பேஸ். முதல் இரண்டு பேஸிலும் ஆள் இருந்து, இரண்டு அவுட் ஆகாத நிலையில் உள்வட்டத்தில் எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து எழும்பினால், அதைப் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். பந்து கீழே விழுந்த பிறகும் ‘அவுட்’ என்று கையைத் தூக்கும் நடுவரைப் பார்த்துப் பெற்றோர் கூட்டமே எழுந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். அன்று எனக்குப் பதினாறு வயது. விதி என் பக்கம் இருந்தது. ஆனாலும் தொண்டை அடைத்துக்கொண்டது, எண்ணிக்கையைச் சொல்ல வேண்டிய குரலே வெளியே வரவில்லை.

பந்து ஸ்ட்ரைக்கா, ஓடிவந்தவர் அவுட்டா போன்ற நடுவரின் கண் தீர்ப்புகளை எதிர்த்து முறையீடு செய்ய யாருக்குமே உரிமை கிடையாது. விதியை நடுவர் தவறாகப் பொருள்கொண்டார் என்றால் மட்டும், அதுவும் அணியின் பொறுப்பாளர் மட்டும், முறையிடலாம். உங்கள் பக்கத்தில் நிற்கும் அந்தத் தந்தைக்கு இதில் இடமே இல்லை என்பதை லீக் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்தக் கூச்சலின் விலையை ஆட்டமே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2018-19 முதல் 2020-21 வரையிலான காலத்தில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளிலிருந்து ஏறத்தாழ 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாக அந்நாட்டு மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு தெரிவித்தது. பெருந்தொற்றும் அதற்கு ஒரு காரணம். வசை தாங்காமல் போனவர்களும் அதில் உண்டு. 2023-இல் நியூஜெர்சி மாநிலத்தின் டெப்ட்ஃபர்ட் நகரச் சிறுவர் லீகில், பெற்றோரின் வசையால் நடுவர்கள் விலகியபோது, லீக் ஒரு விதி கொண்டுவந்தது: நடுவரைத் திட்டுபவர் மூன்று ஆட்டங்களுக்குத் தாமே நடுவராக நிற்க வேண்டும், மறுத்தால் ஓராண்டு மைதானத்துக்குள் வர முடியாது. இதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அவமானப்படுத்துவதற்காக அல்ல, பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து நின்று ஒரே ஒரு இன்னிங்ஸ் பந்து பார்த்தவர், அதன்பின் நாற்காலியிலிருந்து அவ்வளவு உறுதியாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

ஒரு வேண்டுகோள் சகோதரி. அடுத்த ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். நான் முதல் சீசனோடு விட்டுவிடாமல் இருந்ததற்கு, தோற்ற அணியின் ஒரு பாட்டி கையைப் பிடித்துச் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

பதில் 3: முழுவீச்சு

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். என் மகளும் இந்த ஆட்டம்தான் ஆடுகிறாள்; நானும் சத்தம் போடுகிறவன்தான். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற தவிப்பு இல்லாத தந்தைக்குக் குரல் எழும்பவே எழும்பாது. கல்லூரி அணித் தேர்வு வரை போக வேண்டும் என்றால் அழுத்தத்தைத் தாங்கப் பழக வேண்டாமா? அப்பாவின் குரலையே தாங்க முடியாதவள் நாளைக்கு ஆயிரம் பேர் முன்னால் எப்படி வீசுவாள்? என் மகளுக்கு ஒவ்வொரு ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) ஒரு தொகை என்று பேசி வைத்திருக்கிறேன். அவள் உற்சாகமாகத்தான் ஆடுகிறாள். பயிற்சியாளரின் மகளே எப்போதும் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே உள்ள முக்கியமான இடம்) நிற்கும் அணிகளில், பெற்றோர் பேசாவிட்டால் பிள்ளைக்காக வேறு யார் பேசுவார்கள்? நடுவரைத் திட்டுவதை நான் ஆதரிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதில் 4: பழையகையுறை

முழுவீச்சு ஐயா அவர்களுக்கு முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் என் அப்பா உங்களைப் போன்றவர். நான் ஒன்பது வயது முதல் பதினேழு வயது வரை பிட்சராக இருந்தேன்.

ஆயிரம் பேர் முன்னால் வீசியதும் உண்டு. அந்த ஆயிரம் பேரின் கூச்சல் எனக்குக் கேட்டதே இல்லை. அது மழைச் சத்தம் மாதிரி, பழகிவிட்டால் மறந்துபோகும். அப்பாவின் குரல் மட்டும் அந்த ஆயிரத்துக்குள்ளும் தனியாகக் கேட்கும். பிறந்தது முதல் அந்தக் குரல் வந்தால் திரும்பிப் பார்க்கப் பழகிய உடம்பு அது. அழுத்தத்தைத் தாங்குவதற்கு நல்ல பயிற்சி என்று நீங்கள் சொல்வது, தாங்கவே முடியாத ஒரே குரலை வைத்துப் பழக்குவதாக இருக்கிறது. எதிரணியின் கூச்சல் என் ஆட்டத்தைத்தான் குறை சொல்லும். அப்பாவின் முகம் சுருங்கினால் அன்றைக்கு நானே குறைந்துவிட்டதாக இருக்கும்.

தொகை விஷயத்தில் ஒரு பழைய ஆய்வை உங்கள் முன் வைக்கிறேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள், வண்ணப் பேனாவால் படம் வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளைப் பிரித்து, சிலரிடம் மட்டும் “வரைந்தால் பரிசு உண்டு” என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாள் கழித்து, பரிசே இல்லாத வேளையில் பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அவற்றைத் தொட்டார்கள். என் அப்பாவும் ஸ்ட்ரைக்அவுட்டுக்குத் தொகை வைத்தார். மெதுவாக உருண்டு வரும் பந்தை அடிக்கவிட்டு, எனக்குப் பின்னால் நிற்கும் தோழிகள் அவுட் எடுக்கும்படி வீசுவதுதான் அணிக்கு நல்லது என்ற வேளைகளிலும் நான் தொகைக்காக வீசினேன். அதை இன்றும் அந்தத் தோழிகளிடம் சொல்ல முடியவில்லை.

பதினேழாம் வயதில் தோளைக் காரணம் காட்டி நிறுத்தினேன். தோளில் வலி இருந்தது உண்மைதான், ஆனால் நிறுத்துகிற அளவுக்கு இல்லை. காரில் வீடு திரும்பும் அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் நிறுத்தினேன். அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது. என் திறமை வீணாகிவிட்டது என்று வருந்துகிறார். வருந்தும்போது அவர் கண் கலங்குகிறது, என்னால் வாய் திறக்க முடிவதில்லை.

கேள்வி கேட்ட அம்மா, உங்கள் மகள் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. காரில் ஆட்டத்தைப் பற்றி அவளே பேச்செடுக்கும் வரை யாரும் பேசக் கூடாது என்ற ஒரே ஒரு ஒப்பந்தத்தை முதலில் செய்துகொள்ளுங்கள். வலையெல்லாம் அதற்குப் பிறகு.

பதில் 5: டக்அவுட்

முழுவீச்சு சொன்ன ஒன்றை விட்டுவிடக் கூடாது: வாய்ப்புகள் பாரபட்சமாகக் கொடுக்கப்படும் அணிகள் இருக்கின்றன, அங்கே பெற்றோர் பேசத்தான் வேண்டும். வார நாளில், பயிற்சியாளரின் எதிரே உட்கார்ந்து, தம் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்கட்டும். வேலிக்கு வெளியிலிருந்து கேட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது தலைகுனிவு மட்டுமே.

பயிற்சியாளர்களாகிய எங்கள் மீதும் பொறுப்பு உண்டு. சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1992-இல் வெளிவந்தது. தவறு செய்த பிள்ளையை உடனே ஊக்கப்படுத்தவும் முயற்சியைப் பாராட்டவும் பயிற்சி பெற்றவர்களின் அணிகளில் அடுத்த சீசனுக்குத் திரும்பாத பிள்ளைகள் 5 விழுக்காடு. அப்பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் 26 விழுக்காடு. அது பெற்றோரைப் பற்றிய ஆய்வு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும், பயிற்சியாளரின் சொல்லுக்கே இவ்வளவு கனம் இருக்குமானால், பழையகையுறை எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி கேட்டவர்: மூன்றாம்வரிசை

அனைவருக்கும் நன்றி. நேற்று ஆட்டம் இருந்ததால் இன்று எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை கணவரிடம் கயிற்றைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வாளியை நிமிர்த்தி, பந்துகளை அதற்குள் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இரவு நெடுநேரம் கழித்து, “அழுதாளா?” என்று மட்டும் கேட்டார். ‘பழையகையுறை’ எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன்.

நேற்று ஸ்கோர் புத்தகத்தோடு இடது மூலை வேலிக்குப் போனார். இரண்டாம் இன்னிங்ஸில் அவள் தொடர்ந்து இரண்டு பேருக்கு வாக் கொடுத்தபோது (நான்கு பால் வீசி முதல் பேஸுக்கு விட்டபோது) எழுந்து பாதித் தூரம் நடந்து வந்துவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை, அவரே நின்று, திரும்பிப் போனார். என் மகள் முதல் சில பந்துகளுக்கு முன்னால் பழக்கத்தில் வலைப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு கேட்சரை மட்டும் பார்க்கத் தொடங்கினாள். நாங்கள் தோற்றோம்.

மற்ற தந்தை நேற்றும் கத்தினார். பயிற்சியாளரிடம் பேசியிருக்கிறேன், வரும் வாரம் பெற்றோர் கூட்டம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், கண் தீர்ப்புக்கு முறையீடு கிடையாது என்ற விதியை அச்சிட்டுக் கொடுக்கவும் சம்மதித்திருக்கிறார். அந்த நடுவர்ப் பெண்ணிடம் நன்றி சொன்னேன். முகமூடியைக் கையில் பிடித்தபடி, நான் எதையோ புகார் சொல்ல வந்தேன் என்று எண்ணி ஓரடி பின்வாங்கிவிட்டாள்.

காரில் கொஞ்ச தூரம் வரை யாரும் பேசவில்லை. பிறகு அவளே, “அப்பா, மூணாவது இன்னிங்ஸ்ல நான் போட்ட சேஞ்ச்அப்பை எழுதினீங்களா?” என்று கேட்டாள். அவர் சிக்னலில் வண்டியை நிறுத்தி, புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தைப் பின்னிருக்கைக்கு நீட்டினார்.